தெரியாது என்று சொன்ன இன்ஜினியர்

எங்கள் லைனில் இன்ஜினியர் என்றதும் எல்லோர் மனதிலும் ஒரு ஆள் வந்து நிற்பான். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். அவன் விரலை நீட்டிய இடத்தில் பாலம் எழும்பும். அவனுக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்காது. தெரியாமல் எப்படி இருக்கும், அதற்குத்தானே அத்தனை வருஷம் படித்திருக்கிறான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், சுஜாதா என்கிற அந்தப் பெண் வரும் வரைக்கும்.

மஞ்சூரிலிருந்து பஸ் இறங்கி, தேயிலைக் காட்டுக்குள் ஒரு மேடு ஏறினால் எங்கள் மேல் லைன். வரிசையாக ஒட்டிய வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன மைதானம், அதன் ஓரத்தில் மாரியம்மன் கோயில். மைதானத்தைத் தாண்டினால் மலைச் சரிவு. மைதானத்துக்கு மிகப் பக்கம் இருப்பது என் வீடு. போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில் அந்தச் சரிவில் ஒரு துண்டு பெயர்ந்து வந்து, தேயிலைச் செடிகளோடு மைதானத்தில் உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் அடிபடவில்லை. அதன் பிறகுதான் அங்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டலாம் என்று எஸ்டேட் கம்பெனி முடிவு செய்து, கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியரை வரவழைத்தது.

வந்தது சுஜாதா. முப்பது வயதுகூட இருக்காது. வந்த அன்று சுவர் கட்டப்போகும் இடத்தைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தது. பிறகு கொழுந்து பறிக்கிற பெண்களோடு சரிவுக்குள் ஏறிப் போய்விட்டது. மழை பெய்தால் எங்கே கால் புதைகிறது, மழை நின்ற பிறகும் எங்கே ஈரம் காய்வதில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக்கொண்டே நடந்தது. என் வீட்டுக்காரி மாரியாயியிடம், எந்தப் பக்கம் அட்டை அதிகமாகக் கடிக்கிறது என்று கேட்டு, சொன்னதை எழுதி வேறு வைத்துக்கொண்டதாம்.

மாரியாயி வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அட்டை எங்க கடிக்குதுன்னு கேக்கறதுக்கு ஒரு படிப்பாங்க? அதை நம்ம கிட்டயே கேட்டுட்டு நமக்கே சொல்லும் போலருக்கு."

சுவர் வேலைக்கு என்னையும் போட்டார்கள். கல்லும் காங்கிரீட்டும் எத்தனை அகலம் என்பதைவிட, சுவருக்குப் பின்னால் கொட்டுகிற ஜல்லியைத்தான் அந்தப் பெண் குனிந்து குனிந்து பார்த்தது. சுவருக்குள் பிவிசி குழாய்த் துண்டுகளை வரிசையாகச் செருகி, இந்தப் பக்கம் வாய் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னது. ஒரு குழாய் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது என்று கட்டின சுவரை உடைத்துத் திரும்ப வைத்தோம்.

இருளப்பனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் எங்கள் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவர், கோயில் கமிட்டித் தலைவர், லைனில் ஒரு வார்த்தை சொன்னால் எடுபடும். "சுவரு கட்டச் சொல்லிக் கூட்டியாந்தா, இந்தம்மா ஓட்டை போடறதுலயே நிக்குதே" என்றார் அதன் முகத்துக்கு நேராகவே.

"சுவரு மலையைத் தாங்காதுங்க" என்றது சுஜாதா. "மலைக்குள்ள ஊறுற தண்ணி வெளிய வந்துட்டா சுவரு நிக்கும். வரலைன்னா எத்தனை தடிச்ச சுவரும் ஒண்ணும் பண்ண முடியாது."

நாங்கள் தலையாட்டினோம். பெரிய சுவரைக் கட்டிவிட்டு அது தாங்காது என்று சொல்கிறதே, தன்னடக்கம் போல என்று நினைத்துக்கொண்டோம்.

சித்திரையில் மாரியம்மன் நோன்பு வந்தது. மைதானத்தில்தான் குண்டம் வெட்டுவோம். விறகெரித்துத் தணலாக்கி அதில் இறங்குவோம். கோடை மழை முன்னாலேயே நன்றாகப் பெய்திருந்தது. சுவரின் குழாய்கள் எல்லாம் சொட்டுச் சொட்டென்று வடித்து, குண்டம் வெட்டுகிற இடம் சொதசொதவென்று கிடந்தது. அம்மன் குண்டத்தில் ஈரம் நிற்கலாமா? லைன் கூடிப் பேசி, கோணிச் சாக்கைக் கிழித்துக் குழாய்களுக்குள் திணித்து, மேலே சிமெண்ட் பூசினோம். பூசின தடம் அசிங்கமாகத் தெரிந்ததால் சுவர் முழுக்க வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தோம். கோயில் மதில் மாதிரி ஆகிவிட்டது.

நோன்பு முடிந்தும் யாரும் அடைப்பை எடுக்கவில்லை. மைதானம் காய்ந்து கிடந்தது, துணி உலர்த்தத் தோதாக இருந்தது. "இன்ஜினியரம்மா உட்ட குறையை நாமளே சரி பண்ணிட்டோம்" என்று இருளப்பன் சொன்னதில் எங்கள் எல்லோருக்கும் பெருமைதான்.

ஆடி மாதம் மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் ஆடி மழை பெய்துவிட்டு நிற்கிற மழை அல்ல, வந்து தங்குகிற மழை. அந்தச் சமயம் என் மகள் மனிஷா பிரசவத்துக்கு வந்து, ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்று, வீட்டில் படுத்திருந்தாள். தீட்டு இன்னும் கழியவில்லை. ஒரு காலை பல் விளக்கிக்கொண்டே சுவரைப் பார்த்தேன். அடித்திருந்த காவிப் பட்டை நேராக இல்லை. நடுவில் வளைந்திருந்தது. பட்டையா வளையும்? சுவர்தான் வயிறு தள்ளி எங்கள் பக்கம் வந்திருந்தது.

மேனேஜருக்குச் சொல்லி, அவர் கோயம்புத்தூருக்குச் சொல்லி, மறுநாள் மதியத்துக்குள் சுஜாதா ஜீப்பில் வந்து இறங்கியது. லைன் முழுக்கக் குடையோடு கூடிவிட்டது. அது சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பார்த்தது.

"குழாயெல்லாம் எங்கங்க?"

இருளப்பன்தான், "அதுல தண்ணி ஒழுகிட்டே இருந்துச்சும்மா. நோன்புக்கு அடைச்சோம்" என்றார்.

கத்தும் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. மழைக்கோட்டோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுவரின் அடியைப் பார்த்தது. பிறகு எழுந்து, "கடப்பாரை இருக்குங்களா? பக்கவாட்டுல நின்னு தட்டோணும். யாரும் நேர நிக்கக் கூடாது" என்றது.

நானும் இன்னொருவரும் ஓரத்திலிருந்து தட்ட ஆரம்பித்தோம். முதல் அடைப்பு கழன்றதும் செந்தண்ணீர் ஒரு முழத்துக்குப் பீய்ச்சியது. கூட்டம் பின்வாங்கியது. அடுத்ததிலும் அப்படியே. நடுவில், வயிறு தள்ளியிருந்த இடத்தில், சாக்கை உருவி எடுத்த பிறகும் ஒன்றும் வரவில்லை. அந்தக் குழாய்களைத்தான் அது ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பியது. "மைதானத்தை ஒட்டி இருக்கற எல்லாரும் வேற எடத்துக்குப் போயிருங்க. மழை உட்டு, நான் வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் வேண்டாம். பிள்ளைங்க கிரெச்சைத் தொறந்து உடச் சொல்லி மேனேஜர் கிட்டப் பேசிட்டேன்."

"சுவரு விழுமா?" என்றார் இருளப்பன்.

"தெரியாதுங்க."

"அப்ப விழாதா?"

"அதும் தெரியாதுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "தெரியாதுன்னு சொல்றதுக்கா கோயம்புத்தூர்லருந்து ஜீப்பு? எங்கூட்டுக் கோழிக்கும்தான் தெரியாது" என்றது ஒரு குரல். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். மழையில் நனைந்து நிற்கிறவர்களுக்குச் சிரிக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"உங்க சுவரு, நீங்க கட்டினது. விழுமா விழாதான்னு உங்களுக்கே தெரியலைன்னா என்னத்த இன்ஜினியரும்மா" என்றார் இருளப்பன். அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"சுவருக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு யாராலயும் பாக்க முடியாதுங்க. தண்ணி வர்ற குழாயைப் பத்தி எனக்குக் கவலை குறைச்சல். வராததுதான் பயம். விழும்னு நான் சொல்ல வரலைங்க. விழாதுன்னு சொல்ல முடியலை. அதனாலதான் போகச் சொல்றேன்."

அந்தப் பேச்சு யாருக்கும் பிடிபடவில்லை. விழாதென்றால் இருப்போம். விழுமென்றால் போவோம். ரெண்டும் இல்லாத ஒன்றைச் சொல்லி, கொட்டுகிற மழையில் பாயும் சட்டியும் தூக்கிக்கொண்டு போ என்றால் எப்படிப் போவது?

இருளப்பன் கோயில் பக்கம் நடந்தார். "ஆத்தா கிட்டப் பூக் கேட்டரலாம்."

எங்களுக்கு அது பழக்கம்தான். கல்யாணம் முடிக்க, கிணறு தோண்ட, ஊரை விட்டுப் போக என்று எதற்கும் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சே கிடையாது. பிள்ளைப் பேற்றுத் தீட்டு என்பதால் நான் கோயிலுக்குள் போக முடியாது. என் வீட்டு வாசலிலேயே நின்றேன். கோயிலில் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் இருளப்பன் வெளியே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வெள்ளைப் பூ. இருக்கலாம்னு ஆத்தா சொல்லிட்டா."

அவரவர் வீட்டுக்குள் போனார்கள். கதவு சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது.

மாரியாயி அடுப்படியில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "போறதுன்னு நினைக்காதீங்க" என்றாள். "பச்ச உடம்புக்காரி. இந்தக் குளிர்ல ஒரு காத்து உள்ள போச்சுன்னா ஆயுசுக்கும் தலைவலி. நாளைக்கு மாப்பிள்ள கமலேஷுக்கு யாரு பதில் சொல்றது? ஆத்தாளே சொல்லிட்டா."

மனிஷா கட்டிலில் குழந்தையை அணைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின் சுவர் அவள் தலைமாட்டில் இருந்தது. அதற்குப் பின்னால் மைதானம். அதற்குப் பின்னால் அந்தச் சுவர்.

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மைதானத்தில் சுஜாதா மட்டும் நின்றிருந்தது. சுவரின் இரண்டு கோடிக்கும் ஒரு கயிறு இழுத்துக் கட்டி, வயிறு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏங்கண்ணு" என்றேன். "விழும்னு ஒரு வார்த்தை பொய்யாச் சொல்லியிருந்தீங்கன்னா எல்லாரும் போயிருப்பாங்களே."

"இன்னைக்குப் போவாங்கண்ணா" என்றது. "விழலைன்னா அடுத்த தடவை நான் சொல்லி யாரும் போக மாட்டாங்க. எனக்கு அடுத்து வர்றவரு சொன்னாலும் போக மாட்டாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பக் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டது. என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

நான் அங்கேயே நின்று யோசித்தேன். எனக்குத் தெரிந்து பெரிய ஆட்கள் யாரும் தெரியாது என்று சொன்னதில்லை. டாக்டர் சொன்னதில்லை, மேனேஜர் சொன்னதில்லை, ஓட்டுக் கேட்டு வந்தவர் சொன்னதில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் குறைவதில்லை, நமக்குத்தான். இந்தப் பெண் விழாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியிருந்தால் லைன் அதற்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கும். தெரியாது என்று சொன்னதால் கிடைத்தது கோழிப் பேச்சுதான். அதைக் கேட்டுக்கொண்டும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏச்சு வாங்கிக்கொண்டு ஒரு ஆள் ஒரு வார்த்தையில் நிற்கிறது என்றால், அந்த வார்த்தைக்கு எடை இருக்க வேண்டும்.

ஆத்தாளை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அவளிடம் இருக்கலாமா என்று கேட்டோம். உன் குண்டத்துக்காக மலையின் வாயை அடைத்துவிட்டோம், இப்போது இருக்கலாமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் போய், கொழுந்து பறிக்கையில் மாரியாயி இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் படுதாவை எடுத்தேன். "மனிஷா, எந்திரி கண்ணு" என்றேன்.

மாரியாயி என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டிக்கொண்டேதான் குழந்தைக்குத் துணி சுற்றினாள், மகளுக்குக் காதில் பஞ்சு வைத்து மப்ளர் கட்டினாள். லைன் வாசல்களில் எல்லோரும் நின்று பார்க்க, படுதாவைக் கூரை மாதிரிப் பிடித்துக்கொண்டு கிரெச்சுக்கு நடந்தோம். எங்களுக்குப் பின்னால் வேறு யாரும் வரவில்லை.

கிரெச் என்பது வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம். கூரையிலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கும். பகலெல்லாம் அழுகையும் பால் வாடையும். ஒரு மூலையில் பாய் விரித்துக்கொண்டோம். மாரியாயி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடும்போது தட்டை மட்டும் என் பக்கம் தள்ளினாள்.

பகலில் நான் சுஜாதாவோடு சுவர் வேலையில் இருந்தேன். தண்ணீர் வராத குழாய்களுக்குள் நீளமான கம்பியை விட்டு ஆட்டினோம். ஆளை ஓரமாகவே நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைத்தது. முதலில் சேறு வந்தது. பிறகு கட்டிக் கட்டியாக மண். பிறகு நடுக் குழாய்களில் ஒன்று இருமி இருமி, கலங்கல் தண்ணீரை விட ஆரம்பித்தது. அதுவரை அந்தப் பெண் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. மேலே சரிவில், மாரியாயி அட்டை கடிக்கும் என்று சொன்ன இடத்திலிருந்து பக்கத்து ஓடைக்கு ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னது. வெட்டினோம். மைதானத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

சுவர் விழவில்லை. மழை மெல்ல ஓய்ந்தது. காவிப் பட்டை வளைந்தபடியே நின்றது, அதற்கு மேல் வளையவில்லை.

லைன் எங்களை விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் மாரியாயியைப் பார்த்து, "கிரெச்சுல சேந்துட்டீங்களாமே, இந்த வருசம் எந்த வகுப்பு?" என்று கேட்டார்கள். "முனியசாமியண்ணன் பயந்ததுல சுவரே பயந்து நின்னுருச்சு" என்று எனக்கும் ஒன்று. அதெல்லாம் போகட்டும். சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்ததுதான் மாரியாயியை அழ வைத்தது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வருகிறார்களாம். அவர்கள் மேட்டுப்பாளையத்தில் கடை வைத்திருக்கிறவர்கள். அவர்களைத் தொட்டிலுக்கும் மூத்திர வாடைக்கும் நடுவிலா உட்கார வைப்பது?

"சுவருதான் விழலையே" என்றாள், அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சாக. "எல்லாரும் ஊட்டுல இருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. இன்னும் எதுக்கு?"

"அந்தப் பொண்ணு வந்து சொல்லட்டும்."

"அது என்ன சொல்லும்? தெரியாதுன்னுதான் சொல்லும்."



வெள்ளிக்கிழமை சுஜாதா கோயம்புத்தூரிலிருந்து திரும்ப வந்தது. மாரியாயியும் என்னோடு மைதானத்துக்கு வந்தாள். இருளப்பன் அங்கே முன்பே நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மா, சுவரு விழலையே" என்றார். "உங்க பேச்சைக் கேட்டுப் பச்ச உடம்புக்காரியைத் தூக்கிட்டுப் போனதுதான் மிச்சம். ஆத்தா காப்பாத்திட்டா."

"நல்லதுங்க" என்றது சுஜாதா. கிண்டலாகச் சொல்லவில்லை.

"இல்ல, நீங்க குழாயைத் தொறந்ததாலயா?"

"இருக்கலாமுங்க. தொறக்காம உட்டிருந்தாலும் நின்னிருக்கலாம். அதை உட்டுப் பாக்க முடியாதுல்லீங்களா." பிறகு குழாய்களைக் காட்டி, "இதை மறுபடி அடைக்காம இருக்கோணும். குண்டத்தைக் கொஞ்சம் அக்கட்டால தள்ளிப் போட்டா ஈரமும் வராது" என்றது.

"குண்டத்தைத் தள்ளறதுக்கு இன்ஜினியர் சொன்னாப் பத்தாதுங்க. பூக் கேக்கோணும்."

"கேளுங்க. ஆனா குழாயைப் பத்தியும் சேத்துச் சொல்லிட்டுக் கேளுங்க."

இருளப்பன் சிரித்துவிட்டார்.

நான் கேட்க வந்ததை மாரியாயி கேட்டாள். "கண்ணு, நாங்க ஊட்டுக்குப் போலாமா? ஞாயித்துக்கிழமை சம்பந்தி ஊட்டுல வர்றாங்க."

சுஜாதா சுவரைப் பார்த்தது, கயிற்றைப் பார்த்தது, குழாய்களுக்கு அடியில் கையை நீட்டித் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தது. "இன்னும் கலங்கலாத்தான் வருது. மண்ணைச் சேத்து எடுத்துட்டு வருது. தெளிஞ்சு வரட்டுங்கம்மா."

"வானம் வெளுத்துருச்சே."

"மலைக்குள்ள இன்னும் மழைதானுங்க."

மாரியாயி அதன் முகத்தையே பார்த்தாள். சண்டைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். "ஏஞ்சாமி, கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்குதே" என்றாள். "தூங்கறதில்லையா?"

"இந்தச் சுவரு இப்படி ஆனதுலருந்து சரியாத் தூங்கலைங்கம்மா. மத்தவங்கெல்லாம் இன்னும் ஊட்டுக்குள்ளதானே இருக்காங்க. போன் அடிச்சாலே இங்கிருந்துதானோன்னு எந்திரிச்சு உக்காந்துக்கறேன்."

அது சாதாரணமாகத்தான் சொன்னது. சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து, நின்றபடியே தின்ன ஆரம்பித்தது. அன்றைக்கு அதன் மதியச் சாப்பாடு அதுதான் போல. மாரியாயி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்ஜினியர் வேலை என்று நாங்கள் நினைத்திருந்ததில் சுவர் இருந்தது, தொப்பி இருந்தது, நீட்டிய விரல் இருந்தது. நாங்கள் தூங்குகிற வீட்டை நினைத்துத் தூங்காமல் இருப்பதும் அந்த வேலைக்குள் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

கிரெச்சுக்குத் திரும்பியதும் மாரியாயி மனிஷாவின் போனை வாங்கி, வெளியே போய்ச் சம்பந்தியம்மாளைக் கூப்பிட்டாள். மேட்டில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். காற்றில் முந்தானை பறக்க, சத்தமாகப் பேசினாள்.

"ஊட்டுக்கு வேண்டாமுங்க சம்பந்தி. கிரெச்சுக்கு வாங்க, அங்கதான் இருக்கறோம்... இல்லீங்க, சுவரு நிக்குதுங்க. நிக்கட்டும். நாங்க கொஞ்ச நாள் கழிச்சுப் போயிக்கறோம்... சிரிக்கறவங்க சிரிக்கட்டுமுங்க. நீங்க குழந்தையைப் பாக்க வாங்க."

போனை வைத்துவிட்டு, வருகிறவர்கள் எதில் உட்காருவார்கள் என்று யோசித்தாள். கிரெச்சில் இருப்பது பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சுகள்தான்.

"இருளப்பண்ணன் ஊட்டுல பிளாஸ்டிக் சேர் இருக்குது. நாலு வாங்கிட்டு வாங்க" என்றாள். "எதுக்குன்னு கேட்டாச் சொல்லுங்க. மறைக்க வேண்டாம்."

நான் லைனுக்கு நடந்தேன்.